பம்பாய்க்குத் தடியான கோடு

எனக்குப் பொறுமை குறைவு. அது தெரிந்திருந்தும் எங்கள் போஸ்ட்மாஸ்டர் என்னைத்தான் தபால்தலை விற்கிற கவுண்டரில் உட்கார வைத்தார். அது எழுபத்து மூன்றாம் வருஷம். பின் கோடு என்று ஒன்று வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்றாலும், தூத்துக்குடி ஜனங்கள் அப்போதுதான் அதைக் காதில் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். வாங்கிய கையோடு சந்தேகம் கேட்க என்னிடம் வந்தார்கள்.

மளிகைக்கடை காசிலிங்கம் அண்ணாச்சி எங்கள் ஆபீசின் ஆறு எண்களையும் சிகரெட் அட்டையில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஆறு, ரெண்டு, எட்டு, ரெண்டு பூஜ்யம், ஒன்று. மொத்தம் பதினேழு. ஒன்றையும் ஏழையும் கூட்டினால் எட்டு.

"எட்டு சனி நம்பர்லா? யாவாரம் வெளங்குமா? கடைசி ஒண்ணை ரெண்டாக்கிக் குடும்மா. ஒம்பது வந்துரும்."

"ரெண்டாக்கினா கடுதாசி எல்லாம் வேற ஆபீசுக்குப் போயிரும் அண்ணாச்சி."

"போனா என்ன? அங்கன போயி வாங்கிக்கிடுதேன்" என்றார். அவரை அனுப்புவதற்குள் வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது.

வீடு மாறினால் நம்பரையும் கூடவே கொண்டு போகலாமா என்று ஒருத்தி கேட்டாள். நம்பர் போட்டால் ஸ்டாம்பு குறைத்து ஒட்டலாமா என்று இன்னொருவர். விளாத்திகுளத்துப் பக்கத்திலிருந்து மிளகாய் வத்தல் மூடையோடு வந்த ஒரு பெரியவர் கேட்டதுதான் நல்ல கேள்வி. நம்பரே ஊரைச் சொல்லிவிடும் என்றால் ஊர்ப்பேரை ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார். அன்றைக்கு நான் நல்ல குணமாக இருந்தேன். முதல் எண் ஆறு என்றால் தமிழ்நாடும் கேரளமும், முதல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் வட்டாரம், கடைசி மூன்றும் எந்தத் தபால் ஆபீஸ் என்று காட்டும், அதற்குமேல் தெருவும் ஆளும் அதற்குத் தெரியாது என்று விளக்கினேன். "அப்பொ கடைசியில மனுசனைத் தேடி மனுசந்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு மூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்படி ஊரே கேட்டது. கேட்காதவள் அல்போன்சா ஒருத்திதான்.

அல்போன்சா எனக்கு எதிர்வீடு. புருஷன் மனுவேல் பம்பாயில் கப்பல்களை இழுத்துவிடுகிற படகில் வேலை பார்த்தான். அதை டக் என்பார்கள். கல்யாணத்துக்கென்று ஒரு மாத லீவில் வந்தான், தாலி கட்டினான், போய்விட்டான். அப்புறம் ஒரு கிறிஸ்மசுக்கு வந்து, ஊட்டின கேக்கு தொண்டையில் இறங்குவதற்குள் திரும்ப ரயிலேறினான். வீட்டில் அல்போன்சாவும் மாமியார் விக்டோரியாவும் மட்டும்தான். அல்போன்சா பகலில் அவுரி இலை குடோனில் இலை தரம் பிரிக்கப் போவாள். கப்பலுக்குப் போகும் சரக்கு அது. சாயங்காலம் பச்சைத் தூசியோடு வந்து, முகம் கழுவுகிறாளோ இல்லையோ, என் வீட்டுக்கு வந்து தபால் உண்டா என்பாள்.

அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். பம்பாய் தபால்காரனுக்குத் தமிழ் தெரியாதே. அதனால் கல்யாணம் முடிந்த வாரமே ஒரு கட்டு இன்லண்டு லெட்டர் வாங்கி வரச் சொல்லி, எல்லாவற்றிலும் இங்கிலீஷில் மனுவேலின் விலாசத்தை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அப்போது பழக்கப்படி பம்பாய்-10 என்றுதான் எழுதுவோம். அந்தக் கட்டைப் பெட்டியில் பூட்டி வைத்து ஒவ்வொன்றாக எடுத்து எழுதினாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஏன் என்று கேட்பவர்களிடம் ஸ்டாம்பு தீர்ந்துவிட்டது என்பேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு விலாசம் எழுதும்போது மட்டும் எழுத்தைக் கொஞ்சம் அழகாகப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது உண்மை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய அண்ணன் பர்னபாஸ் ஒரு செய்தி கொண்டுவந்தான். கட்டிக்கொண்டிருந்த புதுத் துறைமுகத்துக்கு லாரியில் கல் ஏற்றிப் போகிறவன் அவன். அங்கே டக்குக்கு ஆள் எடுக்கிறார்களாம். வேலை பழகின உள்ளூர்க்காரனுக்கு முதல் இடமாம். ஆனால் ஆள் நேரில் வந்து பேர் கொடுக்க வேண்டும். அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கள்கிழமையோடு சரி.

அல்போன்சா ஓடி வந்தாள்.

"எக்கா, இதை விட்டா அவிய அங்கனயே கெடப்பாவ, நான் இங்கனயே கெடப்பேன். ரெண்டு பேரும் நரைச்ச பொறவு சேந்து என்னத்தப் பேச?"

"தந்தி குடுத்துரு. நாளைக்கே போயிரும்."

அவள் தலையை ஆட்டிவிட்டாள். அந்த வீட்டுக்குத் தந்தி ஆகாது. விக்டோரியாவின் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போனவர், திரும்பவில்லை. செய்தி தந்தியில்தான் வந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டுக்குள் தந்தி வரவும் கூடாது, இங்கிருந்து போகவும் கூடாது என்று விக்டோரியா கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"தந்தியைப் பாத்தா என்ன எழுதிருக்குன்னு படிக்கதுக்கு முன்னயே அவிய நெஞ்சு வெடிச்சிரும். வேண்டாங்க்கா. அவிய மனசு கலங்காம வந்து சேரணும். நான் கடுதாசியே எழுதுதேன்" என்றாள்.

இதில் இன்னொன்று இருந்தது. அந்த வாரம்தான் மனுவேலிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அவளுடைய போன கடிதம் ரொம்பச் சுணங்கி வந்ததாம். 'இனிமேல் பின் கோடு போட்டு அனுப்பு. போட்டால் சுருக்காக வந்து சேரும் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்' என்று எழுதியிருந்தான். நம்பரை எழுதவில்லை. எதிர்வீட்டு அக்கா தபால் ஆபீசில் இருக்கிறாளே, அவளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டான்.

மறுநாள் அந்த வீட்டுக்குள் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். இரண்டு பேரும் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

அல்போன்சா கடிதத்தை எழுதி மடித்து ஒட்டிவிட்டு, பின் கோடு என்றால் என்னவாக இருக்கும் அத்தை என்று மாமியாரைக் கேட்டாள்.

"பின் கோடுன்னா பின்னால போடுத கோடு. முன்னால போட்டா விலாசம் அழிஞ்சிரும்லா. இதுக்கு ஒரு படிப்பா படிக்கணும்?" என்றாள் விக்டோரியா. ஆதாரமும் வைத்திருந்தாள். ரிஜிஸ்தர் தபாலில் நீலக் கோடு போட்டு வருவதை அவள் பார்த்திருக்கிறாள். கோடு போட்ட தபாலைத் தபால்காரன் எவ்வளவு பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வருகிறான், கையெழுத்து வாங்காமல் கொடுப்பதில்லை. ஆக, கோட்டுக்கு மரியாதை உண்டு. எனக்கே இதில் குற்றம் சொல்லத் தெரியவில்லை.

அல்போன்சா பேனாவை எடுத்துப் பின்பக்கம் ஒரு கோடு இழுத்தாள். விக்டோரியா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னளா இது, தலைமுடி ஒட்டினாப்புல? திருச்செந்தூருக்குன்னா இது போதும். பம்பாய்க்குப் போகணும்லா. தடியாப் போடு."

அல்போன்சா குடோனுக்கு ஓடினாள். அங்கே மூட்டைகளுக்குக் குறி போடுகிற கறுப்பு மை உண்டு, மழையில் நனைந்தாலும் அழியாது. அதைத் தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் ஊற்றி, பழைய பிரஷ் ஒன்றையும் கேட்டு வாங்கிவந்தாள். ஜெபப் புத்தகத்தின் விளிம்பை அணை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு போட்டார்கள். மாமியார் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள், மருமகள் இழுத்தாள். வெயிலில் கல்லை வைத்துக் காயவிட்டு, காய்ந்த பிறகு கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் இருந்த பெட்டியில் போட்டாள். போட்டுவிட்டு என் கவுண்டருக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

எல்லாரிடமும் கேட்டுப் பழகிய வாய், அவளிடமும் கேட்டேன். "பின் கோடு போட்டியா?"

"அதெல்லாம் நல்லாவே போட்டாச்சுக்கா."

யாரையும் கேட்காமல் சரியாகச் செய்கிறவளும் இந்த ஊரில் இருக்கிறாளே என்று எனக்குப் பெருமையாகிவிட்டது. பக்கத்திலிருந்த ஆளிடம் அவளைக் காட்டி, பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்றேன்.

உள்ளே தபால் பிரித்துக்கொண்டிருந்தவர் மந்திரமூர்த்தி. அன்றைய பை கட்டி முடிந்துவிட்டது, முத்திரை வைக்க அரக்கு உருகிக்கொண்டிருக்கிறது. கடைசியாகப் பெட்டியிலிருந்து அள்ளி வந்த தபால் அடுத்த பையில் போக வேண்டியது. அதில் ஒன்றின் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு. யாரோ செத்துப்போன செய்தி, பாவம், சொந்தக்காரன் காத்திருப்பான் என்று அவர் அதை மட்டும் எடுத்துப் பைக்குள் சொருகிவிட்டார். கோட்டுக்கு மரியாதை உண்டு என்று விக்டோரியா சொன்னது இப்படிப் பலித்தது.

அதற்குப் பிறகு அல்போன்சா தினமும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டாள். கடுதாசி இப்பொ எங்கன இருக்கும்?

இப்போது மெட்ராஸ், இப்போது குண்டக்கல் தாண்டியிருக்கும், இப்போது பூனா என்று நானும் சொல்லிக்கொண்டு வந்தேன். பை எங்கே இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஊர்ப்பேர் கேட்டால் அவள் முகம் கொஞ்சம் தெளியும். குண்டக்கல் என்று நான் சொன்ன அன்றைக்கு, அங்கே மழை பெய்யுமோ, பை நனையுமோ என்று கேட்டாள். பெய்யாது என்று அடித்துச் சொன்னேன்.

கடிதம் பம்பாய்க்குச் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. மனுவேலோடு அறையில் இருந்தவன் இனிகோ, வீரபாண்டியன்பட்டினத்துப் பையன். தபால்காரனிடமிருந்து அவன்தான் வாங்கினான். திருப்பினான், உடனே கையை உதறினான். நம் பக்கத்தில் துக்கச் செய்தி எழுதினால் மூலையில் கறுப்பு மை தடவுவார்கள். வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், வெளியே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். இதிலோ மூலை அல்ல, முழுநீளத்துக்குக் கறுப்பு. இனிகோ அதை மாடிப்படி ஜன்னலில் வைத்துவிட்டு, மனுவேல் வேலை முடிந்து வரும்வரை படியிலேயே நின்றிருக்கிறான்.

"சாவுன்னா தந்தி வந்திருக்கணுமேலே" என்று அவனே சந்தேகத்தையும் கேட்டிருக்கிறான்.

"எங்க வீட்ல தந்தி குடுக்க மாட்டாவ" என்றான் மனுவேல்.

விலாசத்தைப் பார்த்தான். அது எப்போதும்போல என் கையெழுத்து. அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை, பின்னால் அனுப்பியவர் பேர் எழுதுகிற இடமோ கறுப்புக்குள் போயிருந்தது. வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். தாய் ஒருத்தி, பெண்டாட்டி ஒருத்தி. பிரித்தால் யாரென்று தெரிந்துவிடும். நான் படித்துச் சொல்லட்டுமா என்று இனிகோ கையை நீட்டினான். மனுவேல் கொடுக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், ஒரு துணிப்பையில் ஒரு கைலியைத் திணித்தான், ஸ்டேஷனுக்குப் போய்விட்டான்.

பம்பாயிலிருந்து மெட்ராஸ் வரையிலும், மெட்ராஸிலிருந்து தூத்துக்குடி வரையிலும் அவன் அதைப் பிரிக்கவே இல்லை. பிரிக்காத வரைக்கும் இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள் என்று பிறகு சொன்னான்.

சனிக்கிழமை காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டுகிறேன், தெருமுனை விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். தாடி, கசங்கின சட்டை. எங்கள் தெருவையே பார்க்கிறான், உள்ளே வரமாட்டேன் என்கிறான். கிட்டே போனால் மனுவேல். எனக்கு ஒரே சந்தோஷம். திங்கள்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, என் குண்டக்கலும் பூனாவும் வீண் போகவில்லை.

"வந்துட்டியாலே? நல்ல வேளை."

"யாரு, எக்கா?" என்றான்.

"யாரு என்னது?"

அவன் என் வாயையே பார்த்தான். பயணக் களைப்பில் உளறுகிறான் என்று நினைத்தேன்.

"இங்கன நின்னு என்ன செய்யுத? வீட்டுக்குப் போ. அங்கன ஒருத்தி ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா."

ஒருத்தி. கேலியாகத்தான் சொன்னேன். அந்த ஒரு சொல்லை அவன் எப்படிப் பிடித்துக்கொண்டான் என்று எனக்கு அப்போது தெரியாது. தலையை ஆட்டினான். மெதுவாக நடந்தான். நானும் பின்னாலேயே போனேன், அல்போன்சாவின் முகத்தைப் பார்க்கிற ஆசையில்.

கதவு திறந்தது. மீன் கழுவின தண்ணீரைத் தெருவில் ஊற்றச் சட்டியோடு வெளியே வந்தாள் விக்டோரியா.

மனுவேல் அவளைப் பார்த்தான். அப்படியே விழுந்தான். அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். ஆம்பிளை அழுகை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தோணி மூழ்கின வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. இப்படி ஒருவன் அழுது நான் பார்த்ததில்லை. வார்த்தையே வரவில்லை. விக்டோரியா சட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவன் தலையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

"என் மக்கா, எம்மாவைத் தேடிட்டியா? எம்மா இங்கனதானய்யா இருக்கேன். நல்லாத்தானய்யா இருக்கேன்."

அவள் நல்லா இருக்கேன் என்று சொல்லச் சொல்ல அவன் இன்னும் அழுதான். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். தாய்ப்பாசம் என்றால் இதல்லவா என்று அடுத்த வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அப்போது தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடத்தோடு அல்போன்சா வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், நடுவில் அவனைப் பார்த்தாள். குடத்தை இறக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"கடுதாசி சுருக்காக் கெடைச்சிட்டா?" என்றாள்.

மனுவேல் அழுகையை நிறுத்தினான். நிமிர்ந்தான். எழுந்து வந்து, ஈரமாக இருந்த அவள் முழங்கையைத் தொட்டுப் பார்த்தான். தோளைத் தொட்டான். குடத்தைக்கூடத் தொட்டான். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தான். வேர்வையில் நைந்து போயிருந்தது, ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. கறுப்பு மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை.

"இது என்னது?" என்று கோட்டைக் காட்டினான்.

"பின் கோடு. நீங்கதான போடச் சொன்னிய?"

"தடியாப் போடச் சொன்னது நாந்தான்" என்றாள் விக்டோரியா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேரங்கெட்ட நேரத்தில் சிரிக்கிறது என் பிறவிக்குணம். மனுவேலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவனுக்கும் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் அது வாயில் ஒரு மாதிரியும் கண்ணில் ஒரு மாதிரியும் இருந்தது. அல்போன்சா கோட்டைப் பார்த்தாள், அவனுடைய தாடியைப் பார்த்தாள், பிரிக்காத கடிதத்தைப் பார்த்தாள். அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. அப்புறம்தான் குடத்தை இறக்கி வைத்தாள்.

"ரயில் முழுக்க இதை வச்சிக்கிட்டா வந்திய?" என்றாள்.

"ஆமா."

"அப்பொ வேலை விசயம் எதுவும் தெரியாதா?"

"என்ன வேலை?"

அவள் கடிதத்தை வாங்கி, கோட்டின் மேலேயே விரலை விட்டுக் கிழித்தாள். தெருவில் நின்றே படித்துக் காட்டினாள். புதுத் துறைமுகம், டக், திங்கள்கிழமை, நேரில் வர வேண்டும் என்று வேகமாகப் படித்துக்கொண்டு வந்தவள் கடைசி இரண்டு வரிக்கு வந்ததும் தடுமாறினாள். நிறுத்தப் பார்த்தாள். படி என்றான் மனுவேல். 'வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் வந்து நாலு நாள் என் கண்முன்னால் நடமாடினால் எனக்குப் போதும்' என்று படித்தாள். அன்றைக்கு நான் ஆபீசுக்குத் தாமதமாகத்தான் போனேன். வரிசையில் நின்ற காசிலிங்கம் அண்ணாச்சி என்ன கேட்டாரோ, எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேனாம்.

மறுநாள் பூசை முடிந்து வரும்போது அல்போன்சா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். மனசில் வைத்திருக்க முடியாமல் ஒன்றைச் சொன்னாள். ரயிலில் மனுவேல் மாதாவிடம் வேண்டிக்கொண்டே வந்தானாம். ஒருத்தர் போனது போனதுதான் என்றால், அது எம்மாவாக இருக்கட்டும் என்று வேண்டினானாம். வேண்டிவிட்டு, பாவி என்று தன்னையே வைதானாம். மறுபடியும் அதையே வேண்டினானாம். தாய் உயிரோடு வந்து முன்னால் நின்றபோது, அப்படியானால் போனது பெண்டாட்டி என்றுதான் அவன் விழுந்து அழுதான்.

"எக்கா, எனக்குச் சந்தோசப்படவும் பயமா இருக்கு. அத்தைக்குத் தெரிஞ்சா உசுரை விட்டுருவாவ" என்றாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றேன். நானும் விடவில்லை. அவன் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தான் என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் அப்புறம் கொஞ்ச காலம் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேச அவனால் முடியவில்லை. மீனில் நல்ல துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வானாம்.

திங்கள்கிழமை பர்னபாஸின் லாரியில் ஏறிப் போய் மனுவேல் பேர் கொடுத்தான். வேலை கிடைத்தது. இனிகோவுக்கு எழுதிப் பெட்டியை வரவழைத்தான். பம்பாய்-10 என்பது இப்போது 400010 என்று அல்போன்சாவுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன், பழைய பத்து வாலில் இருக்கிறது பார் என்று காட்டினேன். அவள் அதை மனப்பாடமே செய்துவிட்டாள். ஆனால் அவனுக்கு அதைப் போட்டு ஒரு கடிதம் எழுத வேண்டிய தேவை அவளுக்கு வரவே இல்லை. பெட்டியில் மிச்சம் இருந்த இன்லண்டு லெட்டர்களைப் பால் கணக்கு எழுத வைத்துக்கொண்டாள்.

விக்டோரியாதான் என் பொறுமையைச் சோதித்தாள். மகன் பம்பாயிலிருந்து வந்து தன் காலைக் கட்டிக்கொண்டு அழுத கதையை அவள் சொல்லாத இடம் இல்லை. மாதா கோயில் வாசலில் சொன்னாள், மீன் ஏலத்தில் சொன்னாள், குழாயடியில் சொன்னாள். பொண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள், அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எம்மா எம்மா என்று ஒரே அழுகை என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். மனுவேல் காதில் விழும்படி சொல்வதில் அவளுக்குத் தனி ஆசை. அந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றப் பார்ப்பேன். அல்போன்சா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சில மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம், கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரம், விக்டோரியா மணப்பாட்டில் இருக்கிற தங்கச்சிக்குக் கார்டு போட வந்தாள். நம்பர் போடு என்றாள். எழுதிக் கொடுத்தேன். போகாமல் நின்றாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மறுபடியும் அதே கதையை ஆரம்பித்தாள். எனக்கு அன்றைக்குத் தலைவலி வேறு.

"எத்தனை தடவை சொல்லுவிய? ஊருக்கே மனப்பாடம் ஆயிட்டு" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கம்பிக்குக் கிட்டே வந்தாள்.

"ஏளா பிளாரன்ஸு, என்னைக் கோட்டி, கிறுக்கின்னு நெனைச்சியா? எம்மாவை உசுரோட பாத்த புள்ள சிரிக்கணும்லா? அவன் என்னைப் பாத்த பொறவுதான அழவே ஆரம்பிச்சான்."

நான் தபால்தலைப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"கொழும்புலருந்து தந்தி வந்துதே, அன்னைக்கு அந்தத் தோணியில எங்க வீட்டுக்காரவியளும் இருந்தாவ, எங்கய்யாவும் இருந்தாவ. பிரிக்கதுக்கு முன்ன நான் என்ன வேண்டுனேன்னு ஒனக்குத் தெரியுமா? எங்கய்யாவா இருக்கட்டும்னுதான் வேண்டுனேன். பெத்த தகப்பன். எங்கய்யா மட்டும் திரும்பி வந்து கரையில எறங்கையில அந்த முகத்தை என்னால பாக்க முடியல. எங்கய்யா சாகுத மட்டும் பாக்க முடியல."

கண்ணைத் துடைக்கவும் இல்லை, குரலை மாற்றவும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அப்பொ ஏன் ஊரெல்லாம் இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியுதிய?"

"எம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கலைன்னு அவன் நெனைச்சிக்கிடட்டும். அப்பொத்தான் என் முகத்தைப் பாத்துச் சோறு திம்பான். இப்பொக் கொஞ்ச நாளா நல்லாச் சிரிச்சிப் பேசுதான், தெரியுமா?"

கார்டைத் திருப்பிப் பார்த்தாள். நம்பரை விரலால் ஒருதடவை தடவினாள்.

"இதுக்குக் கோடு வேண்டாம்லா?"

"வேண்டாம் மைனி" என்றேன். அதுவரை நான் அவளை அண்ணி முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவள் வெளியே போய்க் கார்டைப் பெட்டியில் போட்டாள். வாசலில் காசிலிங்கம் அண்ணாச்சி எதிரே வந்தார். அவரை நிறுத்தி, மகன் பம்பாயிலிருந்து வந்த அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா அண்ணாச்சி என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.